ஃபோர்ட் கேம்பெல்லில் துப்பாக்கி வாங்க: எந்தக் கடை, எந்த மாநிலம், எந்தத் தாள்?

அமெரிக்க ராணுவ முகாமான ஃபோர்ட் கேம்பெல்லுக்கு போஸ்டிங் ஆகி வந்தவர் கைத்துப்பாக்கி வாங்க நினைத்தால் முன்னால் இருப்பது மூன்று வழி. முகாமுக்குள் ராணுவத்தினருக்காக இருக்கும் எக்ஸ்சேஞ்ச் கடையின் கவுன்டர் ஒன்று. 41ஏ நெடுஞ்சாலையை ஒட்டி இரண்டு மாநிலத்திலும் இருக்கும் தனியார் துப்பாக்கிக் கடைகள் இன்னொன்று. ஆன்லைனில் பணம் கட்டி, உள்ளூர் டீலர் ஒருவரிடம் வரவழைத்து வாங்குவது மூன்றாவது. மூன்றையும் இங்கே எடைபோடுகிறோம். விலை, சரக்கு, கவுன்டரில் நிற்பவரின் பேச்சு எல்லாம் அப்புறம்தான். பணியில் இருக்கும் ராணுவத்தினரின் வசிப்பிட விதியை அந்தக் கடை சரியாகக் கையாளுகிறதா என்பதை வைத்தே மதிப்பெண் போட்டிருக்கிறோம். இங்கே வாங்க வந்தவர் வெறுங்கையோடு திரும்பினால் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் சிக்கியிருப்பார்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கைத்துப்பாக்கி என்றால், பிசிஎஸ் ஆர்டரை (நிரந்தரப் பணியிட மாற்ற உத்தரவை) படிக்கத் தெரிந்த கென்டக்கி பக்கத்து கடைக்கே முதலிடம். நீளத் துப்பாக்கி (ரைஃபிள், ஷாட்கன்) என்றால் எக்ஸ்சேஞ்ச் கவுன்டர் லாபம். ஆன்லைன் வழி, குறிப்பிட்ட மாடல்தான் வேண்டும் என்பவருக்கு மட்டும். டென்னசி பக்கத்துக் கடைகளில் பல தரமானவைதான். ஆனால் அங்கே போக வேறு ஒரு தாள் கையில் வேண்டும். அது என்ன என்று கீழே வருகிறது.

ஊரின் அமைப்பு தெரிந்தால்தான் இது விளங்கும். 101ஆவது வான்வழிப் படைப்பிரிவு இருக்கும் இந்த முகாம் கென்டக்கி, டென்னசி எல்லைக்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. நிலத்தில் பெரும்பகுதி டென்னசியில். தபால் அலுவலகமோ கென்டக்கியில். அதனால் முகாமின் முகவரி எப்போதும் "ஃபோர்ட் கேம்பெல், கென்டக்கி 42223". வாசலைத் தாண்டி வடக்கே போனால் ஓக் குரோவ், ஹாப்கின்ஸ்வில், இரண்டும் கென்டக்கி. தெற்கே போனால் கிளார்க்ஸ்வில், அது டென்னசி. வாடகை வீடு எடுப்பவர்களில் நிறையப் பேர் கிளார்க்ஸ்வில் பக்கம்தான் போகிறார்கள். கையில் இருக்கும் ஓட்டுநர் உரிமம் ஃபுளோரிடாவோ டெக்ஸாஸோ கொடுத்தது. ஆக ஒரே ஆளுக்கு மூன்று மாநிலம்.

சட்டம் இந்த மூன்றையும் ஏற்கிறது. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உரிமம் பெற்ற டீலர் ஒருவர் கைத்துப்பாக்கியைத் தன் மாநிலத்தில் வசிப்பவருக்கு மட்டுமே விற்கலாம். பணியில் இருக்கும் ராணுவத்தினருக்கு அவருடைய நிரந்தரப் பணியிடம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அதுவே வசிப்பிடம் என்று அந்தச் சட்டம் முன்பு சொன்னது. வேறு மாநிலத்தில் வீடு வைத்துக்கொண்டு தினமும் வேலைக்கு வருகிறவருக்கு அந்த மாநிலமும் சேரும். இதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. லீவில் சொந்த ஊர் போனால், அந்த மாநில ஓட்டுநர் உரிமம் கையில் இருந்தும், அங்கே கைத்துப்பாக்கி வாங்க முடியாது. மனைவிக்கோ கணவருக்கோ இந்தச் சலுகை எதுவும் கிடையாது.

2022 டிசம்பர் 23 அன்று கையெழுத்தான 2023 நிதியாண்டுக்கான தேசியப் பாதுகாப்பு அதிகாரமளிப்புச் சட்டம் அதை மாற்றியது. இப்போது ராணுவத்தினரும் அவருடைய வாழ்க்கைத்துணையும் மூன்று மாநிலங்களில் வசிப்பவர்களாகக் கருதப்படுகிறார்கள்: சட்டப்படியான வசிப்பிடம் இருக்கும் மாநிலம், நிரந்தரப் பணியிடம் இருக்கும் மாநிலம், தினமும் பணிக்குக் கிளம்பும் வீடு இருக்கும் மாநிலம். கடைக்காரர்களில் இன்னும் பழைய விதியையே சொல்லிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. குறிப்பாக வாழ்க்கைத்துணை விஷயத்தில். கடையை மதிப்பிட இது நல்ல உரைகல். போகும் முன் போனில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வெளிமாநில டிரைவிங் லைசென்ஸ், கென்டக்கி பிசிஎஸ் ஆர்டர் வைத்திருக்கிறேன், கைத்துப்பாக்கி விற்பீர்களா?" தயங்காமல் "ஆர்டரையும் ராணுவ அடையாள அட்டையையும் எடுத்து வாருங்கள்" என்று பதில் வந்தால் நல்ல கடை. "இந்த ஊர் லைசென்ஸ் வாங்கிட்டு வாங்க" என்றால் அங்கே நேரத்தை வீணாக்க வேண்டாம். எந்தக் கடைக்கும் விற்க மறுக்கும் உரிமை உண்டு, வாதாடிப் பயனில்லை.

கென்டக்கி பக்கத்துக் கடைகள்

ஓக் குரோவிலும் ஹாப்கின்ஸ்வில்லிலும் இருக்கும் கடைகளின் பெரிய பலம் பழக்கம். அவர்களின் வாடிக்கையாளர்களில் ராணுவத்தினர் ஏராளம். டீலரிடம் துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் கூட்டாட்சிப் படிவமான 4473இல் 26சி கட்டத்தை அவர்கள் தேடித் திணறுவதில்லை. அந்தக் கட்டத்தைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். அதில் கேட்பது மூன்றே தகவல்: எந்த முகாம், ஊர், மாநிலம், ஆர்டர் அமலுக்கு வரும் தேதி, இருந்தால் ஆர்டர் எண். ராணுவ அடையாள அட்டையில் பெயர், படம், பிறந்த தேதி எல்லாம் கிடைத்துவிடும், வீட்டு முகவரி மட்டும் இருக்காது. அந்தக் குறையை பிசிஎஸ் ஆர்டர் நிரப்புகிறது. இரண்டையும் சேர்த்து வைத்தால் கென்டக்கி உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கி வாங்கலாம். ஆர்டர் அச்சிட்ட தாளாக இருக்க வேண்டும் என்பதில்லை. மின்னணு வடிவில் இருந்தாலும் டீலர் ஏற்கலாம் என்று படிவத்தின் குறிப்பே சொல்கிறது. ஆனாலும் அச்சிட்டு எடுத்துப் போவது நல்லது. கடையின் கோப்பில் ஒரு பிரதி இருந்தால் பின்னால் டீலர்களைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அமைப்பான ஏடிஎஃப்பின் தணிக்கை வரும்போது அவர்களுக்கு நிம்மதி, உங்கள் போனையும் யாரும் கையில் வாங்க வேண்டியதில்லை. ஆர்டரில் சமூகப் பாதுகாப்பு எண் இருந்தால் அதைக் கறுப்படித்துவிட்டுக் கொடுங்கள்.

கிளார்க்ஸ்வில்லில் வீடு, வாங்குவது ஓக் குரோவில் என்றால், 10ஆம் கேள்வியில் இரண்டு முகவரியும் எழுத வேண்டும்: வீட்டு முகவரி ஒன்று, பணியிட முகவரி ஒன்று. இதில் தவறுபவர் ஏராளம். வீட்டு முகவரி மட்டும் எழுதிவிட்டால் படிவத்தைப் பார்ப்பவருக்கு டென்னசிக்காரர் கென்டக்கியில் கைத்துப்பாக்கி வாங்கியதாகத் தெரியும். நல்ல கடையில் பேனாவை எடுக்கும் முன்பே இதைச் சொல்லிவிடுவார்கள். தபால் பெட்டி எண்ணை முகவரியாக ஏற்கமாட்டார்கள். நகர எல்லைக்குள் வசிக்கிறீர்களா என்றும் அதே இடத்தில் ஒரு சிறு கேள்வி உண்டு. தெரியாவிட்டால் தெரியாது என்பதற்கும் கட்டம் இருக்கிறது, ஊகித்து எழுதத் தேவையில்லை.

இன்னொரு வசதி, கென்டக்கியில் வாங்குவதற்குத் தனி மாநில அனுமதிச் சீட்டோ காத்திருப்புக் காலமோ கிடையாது. டீலர் நேரடியாக எஃப்பிஐயின் என்ஐசிஎஸ் பின்னணிச் சோதனைக்கு அனுப்புகிறார். அதற்கு எஃப்பிஐ கட்டணம் வாங்குவதில்லை. விற்பனை வரி 6%, அதற்கு மேல் உள்ளூர் வரி இல்லை. 600 டாலர் பிஸ்டலுக்கு 36 டாலர் வரி.

குறை என்று சொன்னால், சம்பளம் வரும் நாளில் கூட்டம். அந்த நேரத்தில் கவுன்டரில் இருப்பவர் அவசரமாக 26சியை விட்டுவிட வாய்ப்பு அதிகம். கையெழுத்துப் போடும் முன் அந்தக் கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று நீங்களே ஒரு முறை பாருங்கள். அதை நிரப்புவது டீலரின் வேலைதான். ஆனால் தவறு வெளிப்பட்டால் போன் உங்களுக்குத்தான் வரும்.

டென்னசி பக்கத்துக் கடைகள்

கிளார்க்ஸ்வில் பெரிய ஊர் என்பதால் கடையும் அதிகம், சரக்கும் அதிகம். அங்கேயே வசிப்பவருக்கு டென்னசியும் வசிப்பிட மாநிலம்தான், சட்டத்தில் சந்தேகமே இல்லை. நிரூபிப்பதுதான் பாடு. உங்கள் பிசிஎஸ் ஆர்டர் சொல்வது கென்டக்கியை. அதை டென்னசிக் கடையில் நீட்டினால் டென்னசி வசிப்பிடத்துக்கு அது சாட்சி ஆகாது. வாடகை ஒப்பந்தத்தைக் காட்டலாமே என்று தோன்றும். அது அரசு கொடுத்த தாள் இல்லை என்பதால் ஏற்கமாட்டார்கள். கேபிள் பில், வங்கி அறிக்கை, எல்லாம் அதே கதிதான்.

வேண்டியது, உங்கள் பெயரும் கிளார்க்ஸ்வில் வீட்டு முகவரியும் இருக்கும் அரசு ஆவணம். வாகனப் பதிவுச் சான்று, வேட்டை அல்லது மீன்பிடி உரிமம், வாக்காளர் அட்டை, சொத்து வரி ரசீது போன்றவை செல்லும். அது 26பி கட்டத்தில் போகும்; வெளிமாநில ஓட்டுநர் உரிமமோ ராணுவ அட்டையோ படத்துக்கும் பிறந்த தேதிக்கும் 26ஏயில் போகும். காரை டென்னசியில் பதிந்திருந்தால் வேலை முடிந்தது. கார் இன்னும் பழைய மாநிலப் பதிவிலேயே ஓடுகிறது என்றால், வீட்டு முகவரி அச்சான வேட்டை உரிமம் பெறுவதுதான் இருப்பதில் எளிய வழி. இதெல்லாம் தெரியாமல் ஆர்டரை மட்டும் எடுத்துப் போய்த் திரும்பி வருகிறவர்கள் கடையைத் திட்டுகிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் கடை பக்கமே நியாயம்.

டென்னசியில் சோதனையை நடத்துவது மாநிலப் புலனாய்வு அமைப்பான டிபிஐ. அதற்கு 10 டாலர் கட்டணம், பில்லில் தனி வரியாக வரும். மாநில விற்பனை வரி 7%, உள்ளூர் வரியும் சேர்ந்தால் 9%ஐத் தாண்டிவிடும். அதே 600 டாலர் பிஸ்டலுக்கு 54 டாலருக்கு மேல் வரி. கென்டக்கியில் வாங்க முடிகிறவர் இந்த வித்தியாசத்துக்காகவே வடக்கே போகலாம்.

ரைஃபிளும் ஷாட்கன்னும் என்றால் இத்தனை குழப்பமும் இல்லை. 1986ஆம் ஆண்டு திருத்தத்துக்குப் பிறகு நீளத் துப்பாக்கியை வெளிமாநில டீலரிடமும் நேரில் போய் வாங்கலாம். இரண்டு மாநிலச் சட்டத்துக்கும் அந்த விற்பனை ஒத்துப்போனால் போதும். ஒரு பொறி மட்டும் உண்டு. துப்பாக்கியின் அடிப்படைச் சட்டகமான ரிசீவரைத் தனியாக வாங்கினால் அது ரைஃபிள் கணக்கில் வராது. வயது 21 ஆகியிருக்க வேண்டும், வசிப்பிட மாநிலத்திலும் வாங்க வேண்டும். ஏஆர் ரைஃபிளின் லோயர் ரிசீவரை வாங்கி மற்ற பாகங்களை வீட்டில் பொருத்தலாம் என்று எல்லை தாண்டிப் போகிற இளைஞர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

எக்ஸ்சேஞ்ச் கவுன்டர்

எல்லா முகாம் எக்ஸ்சேஞ்சிலும் துப்பாக்கிக் கவுன்டர் கிடையாது. போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். இருக்கும் இடங்களில் முதல் ஈர்ப்பு, விற்பனை வரி இல்லை. மேலே சொன்ன 36 டாலரோ 54 டாலரோ உங்கள் கையிலேயே தங்கிவிடும். ராணுவ அட்டையைப் பார்த்து விழிக்கிற ஊழியர் அங்கே இல்லை என்பது இரண்டாவது ஈர்ப்பு.

முகாமுக்குள் விதி தளர்வு என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது தவறு. 4473 படிவம், பின்னணிச் சோதனை, வயது வரம்பு, வசிப்பிடம் எல்லாம் வெளிக்கடையில் உள்ளபடியே. டீலரிடம் ரைஃபிள், ஷாட்கன் வாங்க 18 வயது, மற்றவற்றுக்கு 21. பணியில் தினமும் ஆயுதம் ஏந்துகிறார் என்பதற்காக 19 வயதுச் சிப்பாய்க்குக் கூட்டாட்சிச் சட்டம் தனிச் சலுகை எதுவும் தரவில்லை. 2022 ஜூனில் வந்த சட்டத்துக்குப் பிறகு 21க்குக் குறைந்தவர்களுக்குச் சோதனை கூடுதல் ஆழம். பத்து வேலை நாள் வரை நீளலாம். வார இறுதி வேட்டைக்கு வெள்ளிக்கிழமை போய் ஷாட்கன் வாங்கிவிடலாம் என்று திட்டம் போடும் இளைஞர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

குறை என்ன? தேர்வு. விலைப்பட்டியலில் ஓடும் மாடல்கள்தான் பெரும்பாலும் இருக்கும். இடக்கைக்காரர் ரைஃபிள், சிறிய கைக்கு ஏற்ற பிடி என்று தேடுபவர் வெளிக்கடைக்குத்தான் போகவேண்டியிருக்கும். கையில் எடுத்துப் பிடித்துப் பார்த்து, டிரிகர் எட்டுகிறதா என்று சோதித்து, பொறுமையாக நாலு மாடல் ஒப்பிட நல்ல தனியார் கடை தரும் நேரம் தனி. நீளத் துப்பாக்கிக்கு எக்ஸ்சேஞ்ச், கைத்துப்பாக்கிக்குத் தனியார் கடை என்று நாங்கள் பிரிப்பதற்கு இதுதான் காரணம்.

ஆன்லைன்

இணையக் கடையிலோ ஏல தளத்திலோ பணம் கட்டினாலும் துப்பாக்கி உங்கள் வீட்டு வாசலுக்கு வராது. உரிமம் பெற்ற உள்ளூர் டீலருக்குத்தான் வரும். படிவமும் சோதனையும் அவரிடம்தான். அவர் ஒரு டிரான்ஸ்ஃபர் கட்டணம் வாங்குவார், அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். விலை மலிவு என்று வாங்கி, அனுப்பும் செலவும் டிரான்ஸ்ஃபர் கட்டணமும் சேர்ந்தபின் கணக்குப் பார்த்தால் உள்ளூர் கடை விலையே வந்து நிற்பது சகஜம்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, பணம் கட்டிய பிறகு டீலரைத் தேடுவது. கைத்துப்பாக்கி வந்து சேர்ந்த டீலர் உங்கள் ஆர்டரை ஏற்க மறுத்தால், அதைத் திருப்பி அனுப்பும் செலவும் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கேட்கும் கட்டணமும் உங்கள் தலையில். முதலில் டீலரிடம் பேசி, எந்தத் தாள்கள் வேண்டும் என்று எழுத்தில் ஒரு மின்னஞ்சல் வாங்கிக்கொண்டு, அதன் பிறகு ஆர்டர் கொடுங்கள். இன்னொன்று, சோதனை தொடங்கிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள் துப்பாக்கியைப் பெற்றுக்கொள்ள வேண்டும். திடீரென்று களப் பயிற்சிக்குப் போய் ஐந்து வாரம் கழித்து வந்தால் சோதனையை மறுபடி ஓட்ட வேண்டியதுதான்.

எந்த ஆர்டர் செல்லும்?

எல்லா ஆர்டரும் பிசிஎஸ் ஆர்டர் இல்லை. டிடிஒய் எனப்படும் தற்காலிகப் பணி ஆர்டரில் எத்தனை மாதம் தங்கினாலும் அந்த ஊர் நிரந்தரப் பணியிடம் ஆகாது. பயிற்சிப் பள்ளிக்கு வந்தவர்கள் தங்கள் ஆர்டரை நன்றாகப் படிக்க வேண்டும். ஒரே இடத்தில் 20 வாரம் அல்லது அதற்கு மேல் நடக்கும் படிப்புக்குப் பொதுவாக பிசிஎஸ் ஆர்டர் தருவார்கள், அதற்குக் குறைந்தால் டிடிஒய்தான். பகுதிநேரப் படைகளான ரிசர்விலும் நேஷனல் கார்டிலும் இருப்பவர்கள் முழுநேரப் பணி ஆர்டரில் இல்லாதபோது இந்தச் சலுகைக்குள் வரமாட்டார்கள். மாதம் ஒரு வார இறுதி டிரில்லுக்கு வருவதால் அந்த மாநிலத்தவர் ஆகிவிட முடியாது.

தேதியும் முக்கியம். புது முகாமுக்கான ஆர்டர் கையில் வந்துவிட்டது, இன்னும் ரிப்போர்ட் செய்யவில்லை. அந்த இடைவெளியில் புது மாநிலத்தில் கைத்துப்பாக்கி வாங்கப் போகாதீர்கள். 26சியில் அமலுக்கு வரும் தேதி எதிர்காலத்தில் இருந்தால் கவனமான கடைக்காரர் திருப்பி அனுப்புவார், அதுவே சரி. பழைய ஆர்டர் பிறகு திருத்தப்பட்டிருந்தால் திருத்தத் தாளையும் சேர்த்து எடுத்துப் போங்கள்.

ஊருக்குப் போய் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஹோம் ஆஃப் ரெக்கார்டு என்பதும் சட்டப்படியான வசிப்பிடம் என்பதும் ஒன்றல்ல. முதலாவது, ராணுவத்தில் சேர்ந்தபோது நீங்கள் இருந்த இடம். இரண்டாவது, நிரந்தர வீடு என்று நீங்கள் கருதும், வரி கட்டும், வாக்களிக்கும் மாநிலம். டிடி 2058 படிவத்தில் அறிவித்ததும் இதைத்தான். எல்இஎஸ் சம்பளச் சீட்டில் மாநில வரிப் பகுதியைப் பார்த்தால் எந்த மாநிலம் என்று உடனே தெரியும். நியூ ஜெர்சியில் சேர்ந்து, பிறகு டெக்ஸாஸுக்கு மாற்றிக்கொண்டவர் நியூ ஜெர்சியில் போய் "இது என் ஊர்" என்று படிவம் நிரப்பினால் அது பொய்த் தகவல். கூட்டாட்சிச் சட்டத்தில் அதற்கு 10 ஆண்டு வரை சிறை உண்டு.

மாநிலச் சட்டம் தனியாக மேலே ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம். பிசிஎஸ் ஆர்டர் உங்களை ஒரு மாநிலத்தவர் ஆக்கும், அந்த மாநிலத்தின் விதியிலிருந்து விடுவிக்காது. கென்டக்கியிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு மாற்றல் ஆனால் 10 நாள் காத்திருப்பு. வாஷிங்டன் மாநிலத்தில் 2024 ஜனவரியிலிருந்து பத்து வேலை நாள். ஹவாயில் முதலில் காவல்துறையிடம் வாங்கும் அனுமதி. கொண்டுபோகும் துப்பாக்கியை இறங்கிய 5 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஃபோர்ட் கேம்பெல்லின் வசதிக்குப் பழகியவர்கள் அங்கே போய்த் தடுமாறுவது அதனால்தான்.

தமிழ்ப் பெயரும் படிவமும்

அமெரிக்க ராணுவத்தில் தமிழர்கள் இருப்பது புதிதல்ல. பச்சை அட்டை வைத்திருப்பவர்கள் சேரலாம். வெளிநாட்டவரை ராணுவத்தில் சேர்க்க 2008இல் தொடங்கிய மாவ்னி திட்டம் தேவையான மொழிகள் என்று போட்ட பட்டியலில் தமிழும் இருந்தது. நம்மவர்களுக்கு இந்தப் படிவத்தில் தனியாக வரும் சிக்கல் பெயர்.

படிவம் கேட்பது முழுச் சட்டப்பெயர். நம் பெயரோ ஒரு இடத்தில் இனிஷியலோடு, இன்னொரு இடத்தில் அப்பா பெயர் விரிந்து, மூன்றாவது இடத்தில் இரண்டும் இடம் மாறி இருக்கும். ராணுவ அட்டை, ஓட்டுநர் உரிமம், ஆர்டர் மூன்றிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று முந்தைய நாளே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுப்பெயர் இல்லை என்றால் அந்த இடத்தில் "என்எம்என் (NMN)" என்று எழுத வேண்டும். வெறும் இனிஷியல்தான் சட்டப்பெயர் என்றால் இனிஷியலை எழுதி, பக்கத்தில் "ஐஓ (IO)" என்று குறிக்க வேண்டும். வெறுமையாக விடக்கூடாது. சமூகப் பாதுகாப்பு எண் கேட்கும் கட்டம் கட்டாயமில்லை. ஆனால் ஒரே பெயரில் நாலு பேர் இருக்கும் நமக்கு அதைக் கொடுப்பது சோதனையில் வேறு யாரோடும் குழம்பாமல் இருக்க உதவும். ஒவ்வொரு முறையும் தாமதம் ஆகிறது என்றால் எஃப்பிஐயிடம் விண்ணப்பித்து யுபின் என்ற தனி அடையாள எண்ணை வாங்கிக்கொள்ளலாம். அடுத்த முறை அதைப் படிவத்தில் எழுதினால் போதும்.

பச்சை அட்டைக்காரர்கள் குடியுரிமை நாடாக இந்தியாவையோ இலங்கையையோ குறிப்பிட்டு, பச்சை அட்டையில் உள்ள ஏ-எண்ணையும் எழுத வேண்டும். எச்1பி, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவருக்குப் பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. எனவே ராணுவத்தினரின் மனைவி என்பதால் மட்டும், தற்காலிக விசாவில் இருக்கும் பெண் வாங்கிவிட முடியாது. குடியுரிமையோ பச்சை அட்டையோ உள்ள வாழ்க்கைத்துணை வாங்கும்போது கணவரின் ஆர்டர், தன் அரசு அடையாள அட்டை, கூடவே திருமணச் சான்றிதழ் மூன்றையும் கொண்டுபோனால் கவுன்டரில் கேள்வி குறையும்.

தம்பிக்காக, நண்பனுக்காக என்று அவர்கள் பணத்தில் உங்கள் பெயரில் வாங்கித் தருவது மட்டும் வேண்டவே வேண்டாம். "உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா" என்று படிவத்தில் வரும் கேள்வி அதற்குத்தான். உங்கள் காசில் பரிசு கொடுப்பது வேறு. அடுத்தவர் காசில் கை மாற்றுவது வேறு. வாங்குபவர் தானே சட்டப்படி வாங்கத் தகுதி உள்ளவர் என்றாலும் அது குற்றமே என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வாங்கிய பிறகு

பாராக்ஸில் தங்கியிருப்பவர் துப்பாக்கியை அறைக்குக் கொண்டுபோக முடியாது. யூனிட்டின் ஆயுத அறையில் ஒப்படைக்க வேண்டும், தளபதியின் அனுமதி வேண்டும், முகாம் காவல் பிரிவில் பதிவும் வேண்டும். கடையிலிருந்து நேராக முகாம் வாசலுக்கு ஓட்டிக்கொண்டு போகும் முன் இந்த அனுமதிகளை முடித்துவிடுங்கள். ஞாயிறு மாலை ஆயுத அறை பூட்டியிருக்கும். அந்த நேரத்தில் காரில் துப்பாக்கியோடு நிற்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது. வார நாளில், ஆயுத அறைப் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு, அவர் இருக்கும் நேரத்தில் வாங்குங்கள். குடும்ப வன்முறை வழக்கில் சிறு குற்றத் தீர்ப்பு வந்திருந்தாலும் துப்பாக்கி வைத்திருக்கத் தடை. சீருடை அதற்கு விலக்கு தராது. டிடி 2760 படிவத்தில் ராணுவம் கேட்பதும் அதைத்தான்.

கைத்துப்பாக்கி விற்கும் டீலர் பூட்டோ பாதுகாப்புச் சாதனமோ சேர்த்தே தர வேண்டும். பெட்டியில் இருக்கும் கேபிள் பூட்டைப் பலர் எடுத்து மேசை இழுப்பறையில் போட்டுவிடுகிறார்கள். பிஸ்டலில் அதை மாட்டும் விதம் எளிது: மேகசினை உருவி, ஸ்லைடைப் பின்னால் இழுத்து நிறுத்தி, தோட்டா அமரும் அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, கேபிளை வெற்றுத் தோட்டா உறை வெளியேறும் பக்கவாட்டு வாசல் வழியே விட்டு மேகசின் குழி வழியே வெளியே எடுத்துப் பூட்ட வேண்டும். டிரிகர் வளையத்துக்குள் மட்டும் கேபிளை விட்டுப் பூட்டினால் அது பூட்டே இல்லை. நல்ல கடையில் கேட்டால் கவுன்டரிலேயே செய்து காட்டுவார்கள். குழந்தை இருக்கும் வீடு என்றால் கேளுங்கள்.

அடுத்த போஸ்டிங்குக்கு வீட்டுச் சாமானோடு துப்பாக்கியை அனுப்பலாம், தோட்டாக்களை அனுப்பக் கூடாது. பட்டியலில் சீரியல் எண் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். காரில் எடுத்துப் போனால் குண்டு இல்லாமல், டிக்கியில், கை எட்டாதபடி. கிளம்பும் மாநிலத்திலும் சேரும் மாநிலத்திலும் அதை வைத்திருப்பது சட்டப்படி இருந்தால்தான் நடுவில் வரும் மாநிலங்களில் கூட்டாட்சிச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்கும்.

பணிக்காலம் முடியும் தறுவாயில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடைசி லீவில் இருக்கும் வரை நீங்கள் பணியில்தான் இருக்கிறீர்கள், ஆர்டரும் செல்லும். விடுவிப்புத் தேதிக்கு மறுநாள் முதல் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. சாதாரணக் குடிமகனுக்கு உள்ள விதிதான். கிளார்க்ஸ்வில்லிலேயே தங்கிவிடப் போகிறவர் அதற்கு முன்பே டென்னசி ஓட்டுநர் உரிமத்தை வாங்கிவைத்துக்கொள்வது நல்லது.